அளவர் சௌந்தரபாண்டியன் தேடிய டயர்

ஒரு வியாழக்கிழமை காலை ஐந்தே முக்கால் மணிக்கு என் கைபேசி அடித்தது. எடுத்தால் கோமதி மதினி. "செல்வி, உங்க அண்ணன் எந்திரிக்கல," என்றார். குரலில் பதற்றம் இல்லை. தூக்கக் கலக்கத்தில் நான், "உடம்புக்கு முடியலையா மதினி?" என்று கேட்டேன். "இல்லம்மா. எந்திரிக்கல," என்று அதையே மறுபடி சொன்னார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அவர்கள் வீடு திருநகரில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. நான் போய்ச் சேர்ந்தபோது எதிர்வீட்டு டாக்டர் பார்த்துவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தார். தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்கிறது என்றார். சௌந்தரபாண்டியன் அண்ணன் கட்டிலில் வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தார். வாசலில் அவருடைய சிவப்பு போலோ கார், முந்தின நாள் சாயங்காலமே தெருவைப் பார்க்கத் திருப்பி நிறுத்தியபடி நின்றது. மதினி ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற சேலையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "இன்னைக்கு வியாழக்கிழமை," என்றார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை.

மதினிக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அத்தனை நாளும் காரை ஓட்டிக்கொண்டு போனவர் அண்ணன்தான். அவருக்கு வயது ஐம்பத்தேழு. ஓய்வு பெற மூன்று வருடம் பாக்கி இருந்தது.

இதை நம் நில அளவை அலுவலகத்து நண்பர்களுக்காக எழுதுகிறேன். இரங்கல் கூட்டத்தில் பேசியவர்கள் அவருடைய நேர்மையைச் சொன்னார்கள், கோபத்தைச் சொன்னார்கள். இரண்டும் உண்மை. அந்தக் காரின் டயர்களைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. அதைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் நம்மில் குறைவு. அது எப்படி அந்தக் காருக்கு வந்தது என்று கூட இருந்து பார்த்தவள் நான் ஒருத்திதான். கூட்டத்தில் எழுந்து சொல்லத் தெம்பில்லை. எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அவர் வயலில் அளந்துகொண்டு வருவதை மேசையில் வரைபடமாக்குவது என் வேலை. பதினெட்டு வருடம் அப்படிப் போயிற்று. ஒரு முறை சோழவந்தான் பக்கத்தில் ஒரு வெற்றிலைக் கொடிக்கால் பாகப்பிரிவினைக்கு வந்தது. அவர் அளந்து வந்த கணக்கை நான் வரைந்தபோது ஒரு பக்கம் இரண்டு சாண் இடித்தது. "விட்டுருங்கண்ணே, ரெண்டு சாணுதான," என்றேன். அவர் தாளைச் சுருட்டிக்கொண்டு போனார். மறுநாள் சித்திரை வெயிலில் மறுபடி சோழவந்தான் போய் முதலிலிருந்து அளந்துவிட்டு வந்தார். அளவுச் சங்கிலி கொடிக்குள் சிக்கி வளைந்திருந்ததாம். புதுத் தாளை என் மேசையில் வைத்துவிட்டு, "உனக்கு அது ரெண்டு சாணு செல்வி. அவனுக்கு அது ஒரு வரிசைக் கொடி," என்றார். அதன் பிறகு அவரிடம் 'விட்டுருங்க' என்று சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை.

தனக்கென்று ஆசைப்பட்டு அவர் வாங்கிய பொருள் என்றால் எனக்குத் தெரிந்து அந்த போலோதான். ஐரோப்பியக் கார் என்று வாய் நிறையச் சொல்லுவார். எட்டு வருடத்துக்கு முன்னால் அதை அலுவலக வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, எங்கள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கதவைத் திறந்து மூடிக் காட்டினார். "கேட்டியா சத்தத்த? கனமா இருக்குல்ல?" எல்லாக் கார்க் கதவும் அப்படித்தான் மூடும் என்று நான் நினைத்தேன். சொல்லவில்லை.

ஆறு மாதம் கழித்து, கம்பெனி கொடுத்த பதினைந்து அங்குலச் சக்கரங்களைக் கடையில் கொடுத்துவிட்டுப் பதினேழு அங்குல அலாய் சக்கரம் மாட்டிக்கொண்டு வந்தார். வெள்ளிக் கம்பிகள் மாதிரி பளபளவென்று இருந்தது. டயர் அகலமாக, ஆனால் ரப்பர் மெல்லிசாக, சக்கரத்தைச் சுற்றி ஒரு கறுப்புப் பட்டை ஒட்டினாற்போல. வாசலில் நின்று பார்த்த மதினி, "டயரு எங்கங்க? வெறும் வளையந்தான் இருக்கு," என்றார். அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "இது பேரு லோ புரொஃபைல். வளைவுல அப்படியே ரோட்டக் கவ்விப் பிடிக்கும். உனக்கென்ன தெரியும்," என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டுப் பக்கம் போனால் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு அந்தச் சக்கரத்தின் இடுக்குகளைத் தேய்த்துக்கொண்டிருப்பார். வளைவில் அவர் வேகமாகப் போய் நான் பார்த்ததேயில்லை.

பிறகு மதினிக்கு நோய் வந்தது. மகள் பிரியா ஓசூரில் வேலையில் இருக்கிறாள். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிந்து வைத்தார்கள், முறை வரவில்லை. பக்கத்தில் இருந்த மையத்தில் இடம் கிடைக்காமல், நகரத்தின் மறுகோடியில் ஓர் ஆஸ்பத்திரியில் காலை ஷிப்ட் கிடைத்தது. ஐந்தரைக்குக் கிளம்பினால்தான் ஆறரைக்குப் படுக்க முடியும். நாலு மணி நேரம். அண்ணன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். பிறகு வீட்டில் விட்டுவிட்டு அலுவலகத்துக்கு வருவார்.

அவர் பன்னிரண்டு மணிக்கு வருவதைப் பற்றி நம்மில் சிலர் முணுமுணுத்தோம். அனுமதி வாங்கித்தான் வந்தார், விடுப்பையும் கழித்துக்கொண்டார் என்று தெரிந்தும் முணுமுணுத்தோம். அவருடைய கோப்புகள் என் மேசையில் சேர்ந்தபோது நானும் ஒரு நாள் அதிகாரியிடம், "எல்லாருக்கும் வீட்ல கஷ்டம் இருக்கு சார்," என்று சொல்லியிருக்கிறேன். இதை இங்கே எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

டயாலிசிஸ் நீண்டுகொண்டே போனால் சிலருக்கு எலும்பு வலி வரும் என்கிறார்கள். மதினிக்கு முதுகிலும் இடுப்பிலும் வந்தது. நம் ரோடுகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வருடம் பாதி ஊரைக் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். அண்ணன் பின் சீட்டில் மெத்தை போட்டுப் பார்த்தார், தலையணைகளை அடுக்கிப் பார்த்தார். வாடகைக் காரிலும் இரண்டு முறை கூட்டிப் போனார். அது இதைவிட மோசம் என்று மதினி வேண்டாமென்றுவிட்டார்.

ஒரு சனிக்கிழமை நானும் அவர்களோடு போயிருந்தேன். திரும்பி வரும்போது பழங்காநத்தம் தாண்டி, தோண்டி மூடிய ஒரு பள்ளத்தில் கார் இறங்கி ஏறியது. பெரிய பள்ளம்கூட இல்லை. டம்மென்று ஒரு சத்தம். என் பக்கத்தில் சாய்ந்திருந்த மதினி வாயைப் பொத்திக்கொண்டார். விரல்களுக்கு நடுவிலிருந்து ஒரு முனகல் வந்தது. கண்ணைத் திறக்காமலே, "நிப்பாட்டுங்க," என்றார்.

அண்ணன் ஓரம் கட்டினார்.

"கார இல்ல. இந்த ஆஸ்பத்திரிக்குப் போறத நிப்பாட்டிருவோம்," என்றார் மதினி. "மெசின்ல நாலு மணி நேரம் படுத்துருவேன். ஊசி குத்துறதையும் பொறுத்துக்கிறேன். போயிட்டு வர்ற இந்த ரோடுதான் என்னால முடியல. முந்தின நாள் பொழுது சாயும்போதே பயம் வந்துருது."

அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. "நிப்பாட்டுனா என்ன ஆகும்னு டாக்டர் சொன்னாருல்ல?" என்றார்.

"தெரிஞ்சுதான் சொல்றேன்."

எனக்கு அந்த இடத்தில் இருந்திருக்கவே கூடாது என்று தோன்றியது. பக்கத்தில் பேருந்துகள் போய்க்கொண்டிருந்தன. அண்ணன், "ஒரு வாரம் குடு கோமதி. மூணு தடவ வா. அதுக்கப்புறம் நீ சொல்றத நான் கேக்குறேன்," என்றார். மதினி மறுபடி சீட்டில் சாய்ந்துகொண்டார். அண்ணன் வண்டியை எடுத்தார்.

மறுநாள் ஞாயிறு காலை எங்கள் வாசலில் ஹாரன் சத்தம். வெளியே வந்து பார்த்தால் அண்ணன். காரின் பின் சீட்டில், மதினி உட்காருகிற இடத்தில் இரண்டு அரிசி மூட்டை இருந்தது. இருபத்தைந்து கிலோ, இருபத்தைந்து கிலோ.

"என்னண்ணே இது?"

"கோமதி நாப்பத்தெட்டு கிலோ இருக்கா. ஏறு. நீ முன்னாடி உக்காந்து எழுதிக்க."

மூட்டைகள் மேல் ஒரு பலகை. பலகை மேல் ஒரு தாம்பாளம். தாம்பாளத்தின் நடுவில் ஒரு எவர்சில்வர் டம்ளரில் விளிம்பு வரைக்கும் தண்ணீர். திருமங்கலம் ரோட்டில் மூன்று வேகத்தடை உள்ள ஒரு துண்டை அவர் குறித்து வைத்திருந்தார். அந்தத் துண்டை ஒரே வேகத்தில், முப்பதைத் தாண்டாமல், மூன்று முறை ஓட்டினார். ஒவ்வொரு முறையும் தாம்பாளத்தில் சிந்திய தண்ணீரை இருமல் மருந்து மூடியால் அளந்து என்னிடம் சொன்னார். நான் எழுதினேன். பதினொன்று, பன்னிரண்டு, பதினொன்று. எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டேன்.

அங்கிருந்து நேராக பைபாஸ் ரோட்டில் காதர் பாயின் டயர் கடைக்குப் போனோம். அண்ணனுக்கு அந்தப் பதினேழு அங்குலச் சக்கரங்களை மாட்டிக் கொடுத்தவர் அவர்தான். "என்ன சார், பாலிஷா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

"கழட்டணும் பாய். இந்தக் காருக்கு இருக்கிறதிலயே சின்னச் சக்கரம் எது?"

பாய் என்னைப் பார்த்தார். "எல்லாரும் சின்னதக் குடுத்துட்டுப் பெருசு கேட்டுத்தான் வருவாங்க. நீங்க என்ன தலைகீழா கேக்குறீங்க?"

அண்ணன் காரணத்தை நாலு வரியில் சொன்னார். பாய் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு பேசியது வேறு மாதிரி இருந்தது. போலோவிலேயே விலை குறைந்த ரகத்துக்குக் கம்பெனி பதினான்கு அங்குல இரும்புச் சக்கரம்தான் கொடுத்தது என்றார். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருந்த எண்களை எங்களுக்குத் தொட்டுக் காட்டினார். "இப்ப உங்க டயர்ல நாப்பத்தஞ்சுன்னு இருக்கு பாருங்க. அந்த டயர்ல எழுவதுன்னு இருக்கும். அகலத்துல நூத்துக்கு எம்புட்டு உயரம் ரப்பர் நிக்குதுங்கிற கணக்கு அது. சக்கரம் சின்னதாக ஆக, ரப்பர் ஒசரமாகும். மொத்தத்துல வெளிச்சுத்து ஏறக்குறைய ஒண்ணுதான். இரும்புக்கும் ரோட்டுக்கும் நடுவுல உங்களுக்கு இப்ப ஒம்பது சென்டிமீட்டர் ரப்பர் இருக்கு. அதுல பன்னெண்டு இருக்கும். அந்த மூணுதான் சார் மெத்த."

"மூணு சென்டிமீட்டர்," என்றார் அண்ணன். நம் ஆள் மூன்று சென்டிமீட்டரை அற்பம் என்று நினைக்கிறவர் இல்லை.

இரும்புச் சக்கரம் உடனே கிடைக்கவில்லை. கடைக்குப் பின்னால் பழைய சக்கரங்கள் குவிந்து கிடந்தன. அலாய் மாட்டிக்கொண்டு போனவர்கள் வேண்டாமென்று விட்டுவிட்டுப் போனவை. அதில் ஐந்து துளை உள்ள போலோ சக்கரங்களாகத் தேடி, பாயும் அண்ணனும் துருவும் தூசியுமாக ஒரு மணி நேரம் கிளறினார்கள். நாலு கிடைத்தது. ஒவ்வொன்றையும் எந்திரத்தில் மாட்டிச் சுற்றிப் பார்த்ததில் ஒன்று விளிம்பு கோணியிருந்தது. பாய் தட்டி நிமிர்த்திவிடலாம் என்றார். அண்ணன் தலையை ஆட்டிவிட்டு மறுபடி குவியலுக்குள் இறங்கினார். இன்னொன்று கிடைக்க மதியம் ஆகிவிட்டது. பிரேக்கில் உரசுகிறதா என்று முதலில் ஒரு சக்கரத்தை டயர் இல்லாமலே மாட்டி, கையால் சுற்றிப் பார்த்தார்கள். ஒரு விரல் நுழைகிற இடைவெளி இருந்தது. அண்ணன் பெட்ரோல் மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்த தாளைக் குனிந்து படித்து, அதில் இந்த அளவும் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டார். காரின் எடையைத் தாங்குகிற எண் டயரில் சரியாக இருக்கிறதா என்றும் பார்த்தார்.

அடுத்தது எந்த டயர் என்பது. பாய் இரண்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். "இது கெட்டியான ரப்பர். வருசக்கணக்கா ஓடும், நீங்க மறந்தே போயிரலாம். இது மெதுவான ரப்பர். சத்தம் இருக்காது, ஆனா சீக்கிரம் தேஞ்சிரும். நீங்க ஓட்டுற ஓட்டத்துக்கு நான் மொதல்லதத்தான் சொல்லுவேன்."

அண்ணன் இரண்டையும் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தார். "எம்புட்டு நாள் உழைக்கும்ங்கிறத விட்டுருங்க பாய். எது தூக்கிப் போடாது? அதச் சொல்லுங்க."

"அப்படின்னா ரெண்டாவது."

"அதையே மாட்டுங்க."

கழற்றிய அலாய் சக்கரங்கள் சுவரோரம் சாய்ந்திருந்தன. வீட்டுக்கு எடுத்துப் போகிறீர்களா என்று பாய் கேட்டார். "யாராச்சும் கேட்டு வருவாங்க, குடுத்துருங்க," என்று சொல்லிவிட்டு அண்ணன் காரில் ஏறினார். அவர் திரும்பிப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். பார்க்கவில்லை. அவருக்குப் பசித்தது என்று நினைக்கிறேன். மூன்று மணி ஆகியிருந்தது.

மறுபடி அதே ரோடு, அதே டம்ளர், அதே வேகம். முதல் ஓட்டத்தில் ஆறு மூடி. காற்றைக் கொஞ்சம் குறைத்தார், ஐந்து. இன்னும் குறைக்கலாமா என்று அங்கிருந்தே பாய்க்குப் போன் செய்தார். தாளில் போட்டிருக்கிற அளவுக்குக் கீழே போகாதீர்கள், டயர் சூடாகி வெடித்துவிடும் என்று பாய் அதட்டினார். தாளில் இருந்த குறைந்த அளவிலேயே நிறுத்திக்கொண்டார். "அஞ்சு," என்று என்னிடம் இரண்டு முறை சொன்னார். நான் இரண்டு முறையும் எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை போய்விட்டு வந்தார்கள். என்ன ஆயிற்று என்று கேட்கப் பயமாக இருந்ததால் நான் அவர்கள் வீட்டுப் பக்கம் போகவில்லை. வியாழக்கிழமையும் கேட்கவில்லை. அன்று பன்னிரண்டு மணிக்கு அலுவலகம் வந்த அண்ணன் என் மேசைக்கு முன்னால் நின்றார். கையில் கோப்பு எதுவும் இல்லை.

"வர்றப்ப தூங்கிட்டா செல்வி," என்றார். "காளவாசல்ல பேச்சுக் குடுத்தேன், பதில் இல்ல. பசுமலை வந்து கண்ணாடியில பாக்குறேன், வாயத் தொறந்துக்கிட்டுத் தூங்குறா."

அவ்வளவுதான் சொன்னார். போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து கோப்பைப் பிரித்தார். நிப்பாட்டுவது பற்றி அந்த வீட்டில் பிறகு பேச்சு எழவில்லை.

சிவப்புக் காருக்குக் கறுப்பு இரும்புச் சக்கரம், மூடிகூட இல்லாமல், பார்க்க நன்றாக இல்லை என்பது உண்மைதான். நம் அலுவலகத்தில் ஒருவர், "என்னண்ணே, வீலு தவணை கட்டலைன்னு கழட்டிட்டுப் போயிட்டானா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். அண்ணன், "ஆமாப்பா," என்றார். நான் விளக்கியிருக்கலாம். வீட்டு விஷயத்தை வெளியே சொல்வது அவருக்குப் பிடிக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம். அந்த இரண்டு வருடத்தில் அவர் வயது பத்து வருடம் கூடிப்போனது மாதிரி இருந்தது. மதியம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "சனிக்கிழமை ஒரு நாள் மட்டும் நான் ஓட்டுறேண்ணே. எனக்கு லைசென்ஸ் இருக்கு. எங்க வீட்டுக்காரரு கார நான்தான் அழகர்கோவில் வரைக்கும் ஓட்டிட்டுப் போயிட்டு வந்தேன்," என்றேன். அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "அழகர்கோவிலுக்கு ஓட்டுறதும் இதும் ஒண்ணா? அவ முதுகு உனக்குத் தெரியுமா?" என்றார். நானும் சும்மா இருக்கவில்லை. "உங்க முதுகு யாருக்குத் தெரியும்?" என்று கேட்டேன். ஒரு மாதம் நாங்கள் வேலை தவிர வேறு பேசவில்லை.

பேச்சு மறுபடி தொடங்கியபோது அவர் அடிக்கடி இடது தோளைப் பிசைந்துகொண்டிருந்தார். ஸ்டீரிங் பிடித்த வலி என்றார். டாக்டரைப் பாருங்கள் என்றேன். அடுத்த வாரம் என்றார். வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனிதர், நாலு அறை தள்ளி இருந்த இதய டாக்டரிடம் ஒரு நாளும் போகவில்லை. நான் அழுத்திச் சொல்லவில்லை. இன்னொரு சண்டைக்கு எனக்குத் தெம்பு இல்லை. இதை நினைக்காத நாள் இல்லை இப்போது.

வியாழக்கிழமை சாயங்காலமே தகனம் முடிந்துவிட்டது. பிரியா மதியம்தான் வந்து சேர்ந்தாள். அன்று மதினிக்கு டயாலிசிஸ் தவறிவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது மதினிக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, கால் வீங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் பேசி எட்டு மணிக்கு இடம் வாங்கிவிட்டேன் என்றாள் பிரியா. சோழவந்தானிலிருந்து வந்திருந்த அண்ணனின் அக்கா வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"இன்னைக்குக் காடாத்து, சாம்பல்கூட இன்னும் அள்ளல. பந்தல் கூடப் பிரிக்கல. இன்னைக்கே இவ படி தாண்டினா ஊரு என்ன பேசும்? நாளைக்குப் போனா ஆகாதா?"

"தாங்காது அத்த. நேத்தே போயிருக்கணும்," என்றாள் பிரியா.

இருவரும் மதினியைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். மதினி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிப்பாட்டிருவோம் என்று அன்றைக்குக் காரில் சொன்னவர். இன்று சொன்னால், ஒரு வாரம் குடு என்று கேட்க ஆள் இல்லை. பிரியா அழத் தொடங்கினாள்.

மதினி நாற்காலியின் கையைப் பிடித்து மெல்ல எழுந்தார். "செல்வி, உனக்குக் கார் ஓட்டத் தெரியும்ல?" என்றார்.

"தெரியும் மதினி. பெரிய பழக்கம் இல்ல."

"மெதுவா ஓட்டு, போதும்." அக்காவின் பக்கம் திரும்பி, "போயிட்டு வந்து உக்காந்துக்கிறேன். எங்கேயும் ஓடிற மாட்டேன்," என்றார். அக்கா வழி விட்டார். செருப்பைத் தேடி எடுத்து மதினியின் காலடியில் வைத்ததும் அவர்தான்.

காரில் உட்கார்ந்தால் என் கால் எட்டவில்லை. சீட் அவருடைய உயரத்துக்கு இருந்தது. கீழே கம்பியைப் பிடித்து முன்னால் இழுத்தேன். கண்ணாடியைத் தாழ்த்தினேன். துக்க வீட்டில் முந்தின நாள் முழுக்க வராத அழுகை அப்போது வந்தது. பின்னால் மதினியும் பிரியாவும் காத்திருந்தார்கள். யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை.

முதல் வேகத்தடையில் பயந்து பிரேக்கை அழுத்திவிட்டேன். கார் முன்பக்கம் குத்தி எழுந்தது. "பிரேக்கு வேண்டாம்மா," என்றார் மதினி. "தூரத்துலயே காலெடுத்துரு. அதுவே ஏறி இறங்கிரும். உங்க அண்ணன் அப்படித்தான் செய்வாரு." அடுத்ததில் அப்படிச் செய்தேன். "ம்," என்றார். ஆஸ்பத்திரி வரைக்கும் இடம் இடமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். இங்கே இடப்பக்கம் ஒட்டு. இங்கே சாக்கடை மூடி ஒன்று ரோட்டுக்கு மேலே நிற்கும். கண்ணை மூடிக்கொண்டுதான் சொன்னார்.

இப்போது செவ்வாய்க்கும் வியாழனுக்கும் ஓர் ஓட்டுநர் வருகிறார். பொறுமைசாலி. ஓசூருக்கு வந்துவிடும்படி பிரியா கூப்பிடுகிறாள். பார்க்கலாம் என்கிறார் மதினி. டயர் தேய்ந்துவிட்டது. போன வாரம் காதர் பாய் குனிந்து பார்த்துவிட்டு, மழைக்கு முன்னால் மாற்றியாக வேண்டும் என்றார். "கெட்டி ரப்பர் போட்டுரலாமாம்மா? அடிக்கடி வர வேண்டாம்ல?" என்று கேட்டார். அதே டயரே போடுங்கள் பாய், தேய்ந்தால் மறுபடி வருகிறோம் என்றேன். அவர் தாளில் குறித்துக்கொண்டார்.

அண்ணனுடைய அளவைக் குறிப்பேடுகள் அலுவலகப் பதிவறைக்குப் போய்விட்டன. அவர் மேசையில் புதியவர் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய பொருளென்று என்னிடம் ஒன்றும் இல்லை. சனிக்கிழமை இருக்கிறது. அன்று காலை நாலரைக்கு எழ வேண்டும். வாரம் முழுக்க வரைபடம், வீடு, சமையல் என்று ஓடிவிட்டு, விடுமுறை நாளில் அலாரம் அடிக்கும்போது உடம்பு கெஞ்சுகிறது. சில வாரம் அவர் மேல் கோபம்கூட வருகிறது. ஆஸ்பத்திரிப் பெஞ்சில் நாலு மணி நேரம் உட்கார்ந்தால் எனக்கும் தோள் வலிக்கிறது. ஓட்டுநரிடம் சனிக்கிழமையும் வரச் சொல்லிவிடு என்று என் கணவர் சொல்கிறார். அதற்கு ஏற்பாடு செய்யவும் முடியும். ஆனால் உயிரோடு இருந்தபோது நான் கேட்டு அவர் தராத நாள் அது. இப்போது என்னிடம் இருக்கிறது. அதை யாருக்கும் கொடுப்பதாக இல்லை.